ஊர்ப் பெயர் பெற்ற காய்ச்சல்

அன்பர் ஒருவர் வினவியிருக்கிறார்: கொரோனா வைரஸ் விலங்கினின்று தாவியதா, ஆய்வுக்கூடத்தினின்று தவறி வெளிப்பட்டதா, இத்தனை ஆண்டுகளாகியும் அறிஞர்கள் ஏன் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை என்று. 2019ஆம் ஆண்டிறுதியில் சீனத்து வூகான் நகரில் அந்நோய் முதலில் புலப்பட்டது. ஆனால் புலப்பட்ட இடம் வேறு, பிறந்த வழி வேறு. இதை விளக்க நூறாண்டுக்கு முந்திய வழக்கொன்றைச் சொல்கிறேன். நாம் பிழைக்க வந்து குடியேறிய இம்மும்பைக்கும் அதில் பங்குண்டு.

1918இல் உலகை வாட்டிய இன்புளுயன்சாவுக்கு ‘ஸ்பானியக் காய்ச்சல்’ என்று பெயர். ஸ்பெயின் செய்த குற்றம் யாது? போரில் சேராத நாடாகையால் அதன் பத்திரிகைகள் நோயை மறைக்கவில்லை. மன்னர் அல்போன்சோ நோயுற்றதையும் அச்சிட்டன. போரிட்ட நாடுகளிலோ தணிக்கை. செனகலில் அதுவே பிரேசில் காய்ச்சலாயிற்று. பிரேசிலில் ஜெர்மன் காய்ச்சலாயிற்று!

அவ்வாண்டு மே மாத இறுதியில், படைவீரரை ஏற்றிய கப்பலொன்று பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தது. ஜூன் 10ஆம் தேதி போலீஸ் சிப்பாய்கள் எழுவர் காய்ச்சலோடு மருத்துவமனை சேர்ந்தனர்; அவருள் ஒருவர் துறைமுகத்தில் காவல் புரிந்தவர். கப்பலே நோயைக் கொணர்ந்தது என்றார் நகரின் சுகாதார அதிகாரி டர்னர். அரசாங்கத் தரப்போ, கப்பலில் வந்தோருக்கே பம்பாயில்தான் நோய் தொற்றியது என்று சாதித்தது. கப்பல் சர்க்காருடையது, பழி மட்டும் ஊருக்கு! செப்டம்பரில் நோய் மீண்டும் மூண்டது. அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் இந்நகரில் 768 பேர் மாண்டனர். இந்தியா முழுவதும் இறந்தோர் ஒரு கோடிக்கும் மேல்.

பம்பாய்க்கு முன் அது எங்கிருந்தது? அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துச் சிற்றூர்களில் தோன்றி, 1918 மார்ச்சில் பன்ஸ்டன் படைமுகாமுக்குப் பரவியது என்பர் சிலர். பிரான்சின் எதாப்பிள் முகாமில் 1916-17 குளிர்காலத்திலேயே அத்தகைய நோய் கண்டது என்பர் வேறு சிலர். வடசீனத்திலிருந்து ஐரோப்பியப் போர்முனைக்குச் சென்ற கூலியாட்களைச் சுட்டுவாரும் உளர். மூன்றும் கேட்கப் பொருத்தமாகவே இருக்கின்றன, அதுவே இடர்ப்பாடு. காய்ச்சலும் இருமலும் எந்நோய்க்கும் உண்டு. மருத்துவர் குறிப்பு மட்டும் கொண்டு வைரஸை அடையாளங்காண இயலாது.

ஜோகன் ஹல்டின் என்பார் 1951இல் அலாஸ்காவின் உறைந்த மண்ணைத் தோண்டி, அந்நோயால் மாண்டவர்களின் நுரையீரலை எடுத்தார், வைரஸ் உயிர்பெறவில்லை. 1997இல், தம் 72ஆம் வயதில், மீண்டும் சென்று தோண்டினார். அத்திசுவைக் கொண்டு டாபன்பெர்கர் குழுவினர் 2005இல் வைரஸின் மரபணு முழுவதையும் படித்து முடித்தனர். பறவைகளின் வைரஸை அது பெரிதும் ஒத்திருந்தது. பிறந்த ஊர் எது என்பது மட்டும் அதனால் விளங்கவில்லை. 1918க்கு முந்திய ஆண்டுகளில் மாண்டவர் எவருடைய நுரையீரல் துணுக்கேனும் ஏதோவொரு மருத்துவமனையின் பழஞ்சேமிப்பில் அவ்வைரஸோடு அகப்பட்டால், வழக்கு மேலும் ஓரடி நகரும்.