அரிதாக்கப்படும் கடிகாரமும் மூடப்பட்ட தொழிற்சாலையும்

2019 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஓர் ஏலத்தில் ஒரு கைக்கடிகாரம் 3 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு விலைபோயிற்று. அன்றைய மாற்று மதிப்பில் இது 200 கோடி ரூபாய்க்கும் அதிகம். பாடெக் பிலிப் நிறுவனத்தின் அந்தக் கடிகாரத்துக்கு உறை தங்கமன்று, வெறும் எஃகு. அதே இயந்திர அமைப்பைத் தங்க உறையில் அந்த நிறுவனம் விற்கும் விலை இத்தொகையில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. எஃகில் ஒன்றே ஒன்று மட்டும் செய்யப்பட்டது என்பதற்காகவே மற்ற பணம் முழுவதும் கொடுக்கப்பட்டது. ‘இது ஒன்றே’ எனப் பொருள்படும் சொற்கள் அதன் டயலிலேயே எழுதப்பட்டிருந்தன. ஏலத்தொகை தசைச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கு அளிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நோயாளிகளுக்கு உதவ விரும்புகிறவருக்குக் கடிகாரம் எதற்கு?

செல்வந்தர்களின் விளையாட்டுப் பொருளைப் பற்றி நம் ஏட்டில் எழுத வேண்டுமா என்று தோழர்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. எனினும், தங்கம், நிலம், பங்குப் பத்திரம் ஆகியவற்றின் வரிசையில் கைக்கடிகாரத்தையும் ஒரு முதலீடாக முதலாளித்துவ ஏடுகளின் வணிகப் பக்கங்கள் வைக்கத் தொடங்கிவிட்டன. எந்த நிற டயல் நாளை அரிதாகும், எந்த வகையின் உற்பத்தி நிறுத்தப்படும், பத்தாண்டு கழித்து எது எத்தனை மடங்கு விலைபோகும் என்று ஆரூடம் சொல்லும் ஒரு தொழிலே வளர்ந்துள்ளது. அரிதென்று இங்கே சொல்லப்படுவது எங்கிருந்து வருகிறது, யார் அதை உண்டாக்குகிறார்கள் என்பதை நாம் ஆராய வேண்டும்.

டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வெளியிட்ட தம் நூலின் முதல் அத்தியாயத்திலேயே இந்தக் கேள்வியை எதிர்கொண்டார். அரிய சிலைகள், ஓவியங்கள், பழைய நாணயங்கள், தனிச்சிறப்பான மண்ணில் மட்டும் விளையும் திராட்சையின் மது ஆகியவற்றின் மதிப்பை அவற்றின் அருமைதான் தீர்மானிக்கிறது, உழைப்பின் அளவு அன்று என்றார். அன்றாடம் சந்தையில் கைமாறும் சரக்குகளில் இவை மிகச் சிறிய பகுதியே என்று கூறி, அவற்றை ஒதுக்கிவிட்டு மேலே சென்றார். மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் இதை ஏகபோக விலை என்று விளக்குகிறார். வாங்குபவரின் ஆசையும் அவரது பணப்பையின் கனமும்தவிர அந்த விலைக்கு வேறு எல்லை இல்லை.

கைக்கடிகாரமோ அபூர்வ மண்ணில் விளைவதன்று. இதே மார்க்ஸ், முதல் தொகுதியில் உழைப்புப் பிரிவினையை விளக்க எடுத்துக்கொண்ட சான்றே கடிகாரத் தொழில்தான். பற்சக்கரம் செய்பவர், சுருள்வில் செய்பவர், டயல் செய்பவர், கல் பதிப்பவர் என்று பல பத்து வகைத் தொழிலாளர்களை அவர் பட்டியலிடுகிறார். லா ஷோ-த-ஃபோன் என்னும் சுவிஸ் நகரத்தையே ஒரு பெரும் கடிகார ஆலையாகக் கொள்ளலாம் என்கிறார். கடிகாரம் எண்ணற்ற கைகளின் கூட்டுப் படைப்பு. எஃகும் பித்தளையும் கண்ணாடியும் இருக்கும்வரை எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். அப்படிப்பட்ட சரக்கை அபூர்வ மதுவின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் நம் காலத்து மூலதனத்தின் சாமர்த்தியம்.

இது தானாக நிகழவில்லை. 1970-களில் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தபோது சுவிஸ் தொழில் நொறுங்கியது. 1970-இல் சுமார் 90,000 பேர் வேலை செய்த இடத்தில் 1980-களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேரே எஞ்சினர். சரியான நேரத்தைக் காட்டும் போட்டியில் சில நூறு ரூபாய்க் குவார்ட்ஸிடம் தோற்றுவிட்ட இயந்திரக் கடிகாரம், அதன்பின் நேரத்தை விற்பதை விட்டு அந்தஸ்தை விற்கத் தொடங்கியது. ஏற்றுமதிக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். 2000-இல் சுவிட்சர்லாந்து ஏறத்தாழ 3 கோடி கடிகாரங்களை ஏற்றுமதி செய்து 1,000 கோடி பிராங்குக்குச் சற்று மேல் ஈட்டியது. 2023-இல் ஏற்றுமதியான கடிகாரங்கள் 1 கோடியே 70 லட்சத்தை எட்டவில்லை. ஈட்டிய தொகையோ சுமார் 2,670 கோடி பிராங்கு. குறைவாகச் செய், அதிகமாக வாங்கு என்பதே சூத்திரம்.

ரோலெக்ஸ் இன்னும் சுவையான சான்று. அந்நிறுவனம் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடிகாரங்களைச் செய்கிறது என்று மதிப்பிடப்படுகிறது. பத்து லட்சம் என்பது எந்தக் கணக்கிலும் அரிதன்று. ஆயினும் எல்லாரும் கேட்கும் வகை கடையில் இருப்பதில்லை. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கிறார். பெற்றவர் மறுநாளே கூடுதல் விலைக்கு விற்கிறார். ரேஷன் கடையில் அரிசியைப் பதுக்கினால் அதற்குச் சட்டப்பிரிவு இருக்கிறது. இதற்கு ‘காத்திருப்போர் பட்டியல்’ என்று கண்ணியமான பெயர். இப்படிக் கைமாறும்போது வெளியாருக்குப் போகும் லாபமும் தனக்கே வர வேண்டும் என்று 2022 இறுதியில் ரோலெக்ஸ் பழைய கடிகாரங்களுக்குத் தானே சான்றளித்து விற்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2023-இல் புகேரர் என்னும் பெரிய விற்பனை நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

பாடெக் பிலிப்பின் நாட்டிலஸ் 5711 வகைக்கு வருவோம். எஃகில் செய்த இந்தக் கடிகாரத்தின் உற்பத்தியை 2021-இல் நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. பிறகு, டிஃபனி நகைக்கடையுடன் 170 ஆண்டு உறவைக் கொண்டாட அக்கடையின் நீல நிறத்தில் டயல் பொருத்தி 170 கடிகாரங்களை மட்டும் வெளியிட்டது. பட்டியல் விலை சுமார் 52,000 டாலர். 2021 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் அவற்றுள் ஒன்று 65 லட்சம் டாலருக்கு விற்றது. உள்ளே ஓடும் இயந்திரம் மாறவில்லை. டயலின் நிறமும் அதில் ஒரு கடையின் பெயரும்தான் மாறின.

எனினும் ஆரூடம் சொல்பவர்கள் மறைக்கும் ஒரு செய்தி உண்டு. இன்று மிக அரிதெனக் கொண்டாடப்படுபவற்றுள் முதன்மையானது, அன்று எவரும் விரும்பாத சரக்கு. 1960-களில் ரோலெக்ஸ் டேடோனா வகையில் ஒரு விநோத டயலைப் பொருத்தி வெளியிட்டபோது அது விற்காமல் கிடந்தது. விற்காததால் குறைவாகவே செய்யப்பட்டது. நடிகர் பால் நியூமன் அணிந்திருந்ததால் பிற்காலத்தில் அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அவருக்கு மனைவி வாங்கித் தந்த அதே கடிகாரம் 2017 அக்டோபரில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதை எந்த நிபுணர் முன்கூட்டிக் கணித்தார்? இன்று ‘வருங்கால அரும்பொருள்’ என்ற முத்திரையோடு ஆலையிலிருந்து வெளிவரும் கடிகாரங்களை வாங்குவோர் எல்லாரும் பெட்டி கலையாமல் பூட்டி வைக்கின்றனர். ஆயிரம் பேர் பூட்டி வைத்திருப்பது நாற்பது ஆண்டு கழித்து எப்படி அரிதாக இருக்கும்? 2022 வசந்த காலம்வரை ஏறிய மறுவிற்பனை விலைகள், வட்டி உயர்ந்து கிரிப்டோ நாணயங்கள் சரிந்ததும் கூடவே சரிந்தன. இலவசப் பணம் வற்றியபோது அருமையும் வற்றிவிட்டது. கடைசியில் வாங்கியவர்களில் கடன் பெற்று வாங்கிய நடுத்தர வர்க்க இளைஞர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை எண்ணித்தான் எனக்கு வருத்தம்.

நம் நாட்டிலும் ஒரு கடிகாரம் சேகரிப்பாளர்களின் கைக்குப் போயிருக்கிறது. ஆனால் அதன் கதை வேறு.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவன ஒத்துழைப்புடன் 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழில் தொடங்கிற்று. பின்னர் தும்கூர், ஸ்ரீநகர், இமயமலை அடிவாரத்து ராணிபாக் என்று ஆலைகள் பரவின. அவற்றின் புகழ்பெற்ற கடிகாரத்துக்கு ‘ஜனதா’ என்று பெயர். அரிதாக்கும் நோக்கம் அதற்குச் சிறிதும் இல்லை. எல்லார் கையிலும் இருப்பதே நோக்கம். என் தலைமுறைத் தோழர்கள் பலர் பள்ளி இறுதித் தேர்வில் தேறியதற்கோ திருமணத்துக்கோ பெற்ற கடிகாரம் அதுவாகவே இருக்கும். தேவநாகரி எண்களில் டயல் செய்தார்கள். பார்வையற்றோர் விரலால் தொட்டு நேரம் அறிய பிரெய்ல் கடிகாரம் செய்தார்கள். அந்தப் பிரெய்ல் கடிகாரம் லாபக் கணக்கில் பிறந்ததன்று.

எச்.எம்.டி. தவறே செய்யவில்லை என்று வாதிட நான் வரவில்லை. குவார்ட்ஸ் மாற்றத்தை அது உரிய வேகத்தில் எதிர்கொள்ளவில்லை. ஆனால் நிர்வாகத்தையும் முதலீட்டையும் கையில் வைத்திருந்தது அமைச்சகம். தண்டனை பெற்றது தொழிலாளி. 2016 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்சஸ், சினார் வாட்சஸ் நிறுவனங்களை மூட ஒப்புதல் அளித்தது. 2007-ஆம் ஆண்டு ஊதிய விகிதத்தைக் கற்பிதமாகக் கணக்கிட்டு விருப்ப ஓய்வு என்று அறிவித்தார்கள். ஒன்பதாண்டு பழைய விகிதம் அது.

மூடிய பிறகுதான் ஜனதாவுக்கு மவுசு பிறந்தது. இன்று அது வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடும் பொருள். தேவை பெருகப் பெருக, பழைய இயந்திரத்துக்குப் புது டயல் எழுதிப் பொருத்தித் தரும் சிறு பட்டறைகளும் தோன்றின. அந்தக் கடிகாரங்களைச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று ஏளனமாகக் குறிப்பிடுகிறார்கள். ஜெனீவாவில் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தி அருமையை உண்டாக்கியது. பெங்களூரிலும் ராணிபாக்கிலும் அரசு அதையே செய்தது, தொழிலாளர்களை வெளியேற்றி.

இப்போது சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் 2024 மார்ச்சில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சுவிஸ் கடிகாரங்கள் மீதான சுங்க வரி ஏழாண்டுகளில் படிப்படியாக நீக்கப்படும். செல்வ வரியை 2015 நிதிநிலை அறிக்கையிலேயே ஒழித்துவிட்டார்கள். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களுக்கு 2025 ஏப்ரல் முதல் 1 விழுக்காடு வரி பிடித்தம் செய்யப்படுவதைப் பெரிய நடவடிக்கையாக அரசு காட்டுகிறது. அதுவும் வாங்கியவர் தம் வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய முன்பிடித்தமே. பெட்டகத்தில் பூட்டி வைக்கப்பட்ட கடிகாரத்தின் மதிப்பு ஏறும்போது அதன்மீது ஆண்டுதோறும் விழும் வரி ஏதுமில்லை. செல்வ வரியை மீண்டும் கொண்டுவரக் கோரும் நம் இயக்கத்தின் துண்டறிக்கைகளில் நிலம், பங்குகளோடு இத்தகைய சேகரிப்புகளையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.