முகவரி இல்லாத பொம்மைகள்

ஒரு சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எங்கட ஊரில் வெறுங்கையோடு போக முடியாது. ஒரு பிஸ்கற் பெட்டி, அதோடு ஒரு விளையாட்டுச் சாமான். பஸ்ஸால் இறங்கி, கையில் இருக்கிற காசை எண்ணிப் பார்த்து, ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் பொலித்தீன் பையோடு தொங்குகிறதில் ஒன்றைக் காட்டி "அண்ணை, அதை எடுங்கோ" என்று சொல்ல இரண்டு நிமிசம் போதும். பாட்டுப் பாடுகிற போன், வெளிச்சம் அடிக்கிற மோதிரம், வாலை ஆட்டுகிற நாய். பிள்ளை சிரித்தால் போனவருக்கும் சந்தோசம். அந்த இரண்டு நிமிசத்தைப் பற்றித்தான் எழுதப் பார்க்கிறேன்.

இந்தக் கதையை எடுத்தாலே ஒரு பதில் ரெடியாக இருக்கும்: "நாங்களும் இதுகளோடதானே வளர்ந்தனாங்கள், எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே." நடந்த பிள்ளை இந்த விவாதத்துக்கு வராது என்பது ஒரு பக்கம். நடந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது என்பது மற்றப் பக்கம். ஈயத்தை எடுங்கள். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறங்களுக்காகவும், பெயின்ற் கெதியாகக் காயவும் ஈயச் சேர்மங்கள் கலக்கப்படுவதுண்டு. பொம்மையைக் கடிக்கிற வயதில் இருக்கிற பிள்ளையின் உடம்பு, விழுங்கிய ஈயத்தை வளர்ந்தவரைவிட நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். அது காய்ச்சலாகவோ வயிற்றோட்டமாகவோ வெளியில் தெரிய வேண்டும் என்றில்லை. கவனம் குறையும், படிப்பு ஏறாது, எதற்கெடுத்தாலும் கோபம் வரும். பிறகு பள்ளிக்கூடத்தில் "மொக்கன்" என்று ஒரு பெயர் வைத்துவிட்டு எல்லாரும் தங்கட வேலையைப் பார்ப்போம். பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு ஒன்றுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின், அதாவது 800 மில்லியன் வரையான பிள்ளைகளின், இரத்தத்தில் ஈயம் கவலைப்பட வேண்டிய அளவில் இருக்கிறது என்று யுனிசெப்பும் பியூர் ஏர்த் அமைப்பும் 2020இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னது. அவ்வளவும் பொம்மையால் வந்ததில்லை. பழைய பற்றரி உருக்குகிற இடங்கள், வீட்டுச் சுவர்ப் பெயின்ற், கலப்பட மசாலா, சில வகைப் பாத்திரங்கள் என்று பல வழிகள் இருக்கின்றன. ஆனால் இவற்றில் நாங்களே காசு கொடுத்து வாங்கி, பிள்ளையின் கையில் கொடுத்து, "வாயில வைக்காதை" என்று பேசுவது பொம்மையைத்தான்.

ஈயம் மெதுவாக வேலை செய்யும். பட்டன் பற்றரி அப்படிக் காத்திருக்காது.

சென்ற வருசம் மாமி வீட்டில் நின்றபோது நடந்தது இது. மச்சாளின் மகளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. யாரோ கொண்டுவந்து கொடுத்த, அமத்தினால் பாட்டு வருகிற குட்டிக் கார்த் திறப்பு ஒன்று கீழே விழுந்து, பின்மூடி கழன்று கிடந்தது. அதற்குள் மூன்று பற்றரிக்கு இடம் இருந்தது. நிலத்தில் இரண்டுதான் கிடந்தன. மூன்றாவதைத் தேடின அந்தப் பத்து நிமிசம் வீட்டில் யாரும் கத்தவில்லை. மாமி பிள்ளையின் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தா. மச்சாள் ஓட்டோவுக்குக் கோல் எடுத்துவிட்டா. கடைசியில் அது கதிரைக் குசனுக்குள் இருந்து வந்தது. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

பற்றரி உடைந்து அதற்குள் இருக்கிற அசிட் ஒழுகித்தான் சுடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஈரமான தொண்டைக்குள் பற்றரி சிக்கினால் அதன் இரண்டு பக்கத்துக்கும் இடையில் மின்னோட்டம் ஓடத் தொடங்கும். எதிர்முனைப் பக்கத்தில் கடுமையான காரம் உருவாகும். உணவுக்குழாயை அரிப்பது அந்தக் காரம்தான். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓட்டை விழுகிற அளவுக்குப் புண் வரலாம். றிமோட்டிலும் வெளிச்சச் சாமான்களிலும் வருகிற 20 மில்லிமீற்றர் லித்தியம் பற்றரி எங்கட ஒரு ரூபாய்க் குற்றி அளவு. சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்குவதற்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். "வேலை செய்யேல்லை" என்று கழற்றி எறிந்த பற்றரியிலும் சுடுவதற்குக் காணுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். மூக்குக்குள் வைத்தாலும் இதே கதைதான்.

இன்னும் பயமான விசயம், பிள்ளை விழுங்கினதை யாரும் காணாவிட்டால் அறிகுறிகள் தடிமன் காய்ச்சல் மாதிரியே இருக்கும். இருமல், வீணீர் வடிதல், சாப்பாடு வேண்டாம் என்று அழுதல். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போய் "பற்றரி விழுங்கியிருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கோ" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயது தாண்டின, விழுங்கக் கூடிய நிலையில் இருக்கிற பிள்ளை என்றால், விழுங்கி 12 மணித்தியாலத்துக்குள் போகிற வழியில் 10 நிமிசத்துக்கு ஒருக்கா இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம் என்று அமெரிக்க நஞ்சுத் தகவல் மையத்தின் வழிகாட்டல் சொல்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் கூடாது. தேன் தேடி நேரத்தை விடவும் கூடாது.

அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுப் பிள்ளை றிமோட் பற்றரியை விழுங்கி இறந்தாள். தாய் விடாமல் பேசிப் பேசி, 2022இல் அவளின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. பொம்மையின் பற்றரி மூடிக்குத் திருகாணி வேண்டும் என்ற விதி அங்கே முதலே இருந்தது. பொம்மை என்ற கணக்கில் வராத றிமோட், திறப்புக் கோர்வை, மின் மெழுகுதிரி எல்லாவற்றையும் அந்தப் புதுச் சட்டம்தான் பிடித்தது. எங்கட திருவிழாக் கடையில் வெளிச்சம் அடிக்கிற கொம்பையும் மோதிரத்தையும் நினைத்துப் பாருங்கள். அவை பொம்மையா, அலங்காரமா? பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பெட்டியில் ஒரு வட்டத்துக்குள் அழுகிற மாதிரி ஒரு முகம், பக்கத்தில் 0-3, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கவனித்திருப்பீர்கள். "மூண்டு வயசுப் பிள்ளைக்குத்தான் இது விளங்கும்" என்று அதற்கு அர்த்தம் எடுத்து, "எங்கட பிள்ளை கெட்டிக்காரன், ஒண்டரை வயசிலயே விளையாடுவான்" என்று பெருமையாக வாங்கிக் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். அது மூளையைப் பற்றின அடையாளமே இல்லை. இதில் தொண்டையில் சிக்கக்கூடிய சின்னத் துண்டு இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சோதிக்க ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள், விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது. இந்த விளக்கம் தமிழிலோ சிங்களத்திலோ எழுதியிருக்கிற பெட்டியை நான் தெருக்கடையில் இன்னும் காணவில்லை. சீ.ஈ. என்ற இரண்டு எழுத்து மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். அது ஐரோப்பியச் சந்தைக்கான அடையாளம், பெரும்பாலும் உற்பத்தியாளர் தானே போட்டுக்கொள்வது. அச்சு யந்திரம் வைத்திருக்கிற எவரும் அதை அடிக்கலாம்.

இனி, பேஸ்புக்கில் இந்த மாதிரிச் செய்தி வந்தால் கீழே வருகிற கொமண்ட்: "தாய்க்காரி என்ன செய்துகொண்டிருந்தவ?" எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். காலமை ஆறு மணிக்குக் காமெண்ட்ஸ் பஸ் ஏறுகிற ஒரு தாய் முந்நூறு ரூபாய்க்குப் பொம்மை வாங்கினால் அது கவலையீனம், கொழும்பில் ஒருவர் ஆயிரக்கணக்கில் கொடுத்து மரப் பொம்மை வாங்கினால் அது பொறுப்பு. ஈயத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. மெத்தென்ற பிளாஸ்ரிக்குக்காகக் கலக்கிற தாலேற்றுகளையும் பார்க்க முடியாது. (ஐரோப்பிய ஒன்றியம் 2007இலிருந்து பொம்மைகளில் அவற்றில் மூன்றை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது.) பார்க்கவே முடியாத ஒன்றைப் பார்க்கவில்லை என்று தாயைக் குற்றம் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

விலை கூடினால் பாதுகாப்பு என்றும் எழுத முடியாது. 2007இல் மற்றெல் கொம்பனி சீனாவில் செய்வித்த பத்து இலட்சத்துக்குக் கிட்டிய பிஷர் பிறைஸ் பொம்மைகளை ஈயப் பெயின்ற் காரணமாகத் திருப்பி எடுத்தது. டோராவும் எல்மோவும் அதற்குள் இருந்தார்கள். செய்து கொடுத்த தொழிற்சாலையின் முதலாளி தற்கொலை செய்துகொண்டார். மற்றெல் 2009இல் 2.3 மில்லியன் டொலர் தண்டம் கட்டியது. யார் எவ்வளவு விலை கொடுத்தார்கள் என்று பார்த்தால் அந்தக் கதை இன்னும் கசக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே திருப்பி எடுக்க முடிந்தது. பெட்டியில் பெயர் இருந்தது, செய்த இடம் பதிவில் இருந்தது, அழைத்துக் கேட்க ஓர் ஆள் இருந்தார். நல்லூர்த் திருவிழாவில் வாங்கின நாயில் பிழை கண்டால் அதை யார் திருப்பி எடுப்பார்? திருவிழா முடிய அந்தக் கடையே இருக்காது.

கடைக்காரரைத் திட்டுவதும் லேசு. ஒருவரிடம் இது எங்கே இருந்து வருகிறது என்று கேட்டேன். "தங்கச்சி, கொழும்பில இருந்து மூட்டையாத்தான் வருது. எந்த மூட்டைக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்கே பிரிச்சாத்தான் தெரியும்" என்றார். அவரின் மகளும் கடைக்குக் கீழே இருந்து அதே சாமானோடுதான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுற்றாடல் நீதிக்கான மையம் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை பெயின்றில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு எல்லை வைத்தது. 2013 சனவரியிலிருந்து பொம்மைக்கும் பிள்ளைகளின் பொருட்களுக்கும் பூசுகிற பெயின்றில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. நல்ல விசயம்தான். ஆனால் அது பெயின்றுக்கான விதி. எங்கட பிள்ளையளின் கைக்கு வருவது எங்கேயோ பூசி முடித்துக் கொள்கலனில் வந்து இறங்குகிற பொம்மை. அதைத் துறைமுகத்தில் யார் சுரண்டிப் பார்க்கிறார்கள்? இந்தியாவில் 2021 சனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் பொம்மை விற்க முடியாது. அங்கே அது முழுக்க நடைமுறையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சட்டமாக எழுத முடிந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கேட்பது அதைவிடச் சின்னது. ஒவ்வொரு பொம்மைப் பையிலும் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், வயது எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும். சோப்புக் கட்டியிலும் பிஸ்கற்றிலும் இருக்கிற விபரம் பிள்ளை வாயில் வைக்கிற சாமானில் ஏன் இருக்கக் கூடாது? பெயர் இருந்தால் 1977க்குக் கோல் எடுத்து முறையிடுகிறவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். இப்போது "பஸ் ஸ்ராண்டில ஒரு அண்ணையிட்ட வாங்கினது" என்று மட்டும்தான் சொல்லலாம்.

இந்த இடத்தில் யாராவது பனங்காய் வண்டிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். குரும்பைத் தேர், பனையோலைக் கிலுக்கு, பூவரசம் பீப்பீ. எனக்கும் விருப்பம்தான். ஆனால் கிலுக்குக்குள் போடுகிற விதையும் கல்லும் அந்த உருளைக்குள் அடங்கும். பொம்மைக்குக் கண் வைக்கிற குண்டுமணி கடும் நஞ்சு. பழையது என்பதால் ஒன்று பத்திரமாகிவிடாது. அதோடு அதைச் செய்து கொடுக்க வீட்டில் நேரம் இருக்கிற ஓர் ஆளும் வேண்டும். எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருப்பது வேறொன்று. பிரித்தானியாவில் விற்கிற லங்கா கடே மரப் பொம்மைகள் இலங்கையில், இறப்பர் மரத்தில் செய்யப்படுகிறவை. அந்தச் சந்தையின் விதிகளுக்கு ஏற்றபடி பிள்ளைக்குப் பாதுகாப்பான பொம்மை செய்ய எங்கட நாட்டுக் கைகளுக்குத் தெரியும். அது கப்பல் ஏறிப் போகிறது. பெயரில்லாத மூட்டை கப்பலில் வருகிறது.

கடையில் நிற்கிற அந்த இரண்டு நிமிசத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனாலும் செய்யலாம். பற்றரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கலாம். கண்ணையும் சில்லையும் இழுத்துப் பார்க்கலாம். தண்ணீரில் ஊதிப் பெருக்கிற ஜெல் மணிகளைத் தொடவே வேண்டாம். அவை குடலுக்குள்ளும் பெருக்கும், எக்ஸ்ரேயில் தெரியாது. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் பெரிய கடைகள் பிள்ளைகளுக்கான விற்பனையை நிறுத்திவிட்டன. பலூன் விசயமும் சொல்ல வேண்டும். வேறெந்த விளையாட்டுச் சாமானையும்விட ஊதாத பலூனாலும் வெடித்த துண்டாலும்தான் கூடுதலான பிள்ளைகள் மூச்சடைத்து இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்கப் பாவனையாளர் பாதுகாப்பு ஆணைக்குழு எச்சரிக்கிறது. பிறந்தநாள் முடிந்த வீட்டில் கேக்குக்கு முதல் நிலத்தைக் கூட்டுங்கள்.

ஒன்று ஒன்றாக வாங்குகிறவர்களைவிட மொத்தமாக வாங்குகிறவர்களிடம் கதைக்கலாம் என்றும் ஒரு யோசனை. லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ வந்து, மகளின் பிறந்தநாளுக்கு முன்பள்ளியில் அறுபது பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுக்கிற அண்ணைமார் அக்காமார் இருக்கிறார்கள். தங்கட பிள்ளைக்கு அங்கே வாங்கும்போது லேபலைப் பார்க்கிறவர்கள், இங்கே மொத்தக் கடையில் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். ஒன்று வாங்குகிற தாய் கேட்டால் கடைக்காரர் முகத்தைத் திருப்புவார். அறுபது வாங்குகிறவர் கேட்டால் மூடியைக் கழற்றிக் காட்டுவார், பில்லும் எழுதித் தருவார்.

எங்கட பச்சும் இந்த மாதம் ஒரு முன்பள்ளிக்குப் போகிறது. போன கூட்டத்தில் பொம்மை வேண்டாம், படப் புத்தகமும் பெரிய பந்தும் கொடுப்போம் என்று சொன்னேன். "பந்தா? போட்டோவில வடிவா இருக்காதே" என்றான் ஒருவன். வெள்ளிக்கிழமை திரும்பக் கூடுகிறோம்.