பத்துப் பேர் பட்டியலும் பத்தாவது வரிசையில் நிற்கிறவனும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாரல் நாலு நாளாக விடவில்லை, அருவிப் பக்கம் போக முழங்கால் விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் படித்த பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் “உலகின் தலைசிறந்த பத்து கிடார் கலைஞர்கள்” என்று பட்டியல் போட்டிருந்தான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜிம்மி பேஜ், கிளாப்டன், ஜெஃப் பெக், சந்தானா, மெக்லாஃப்லின், அல் டி மியோலா என்று போகிறது. கீழே நாற்பது கைதட்டல் பொம்மைகள். ஒருவனாவது “ஏன்?” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் “வேகம் சார்” என்றுதான் பதில் வந்திருக்கும். வேகம்தான் அளவுகோல் என்றால் செங்கோட்டை பஸ் டிரைவர்களுக்கும் ஆளுக்கொரு விருது தரலாம்.

ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படி ரசிக்கலாமா? கம்பன் பாட்டு என்று ஏட்டில் இருந்தாலும், தன் காதுக்கு அது கம்பனாகப் படவில்லையென்றால் தள்ளிவைத்த மனிதர் அவர். பண்டிதர்கள் திட்டினார்கள். அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு வழக்கு. தன் காதை நம்பினார், அதுதான் விஷயம்.

என் காதை நம்பி நானும் சொல்கிறேன். மெக்லாஃப்லினை மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவுக்காக, அந்த 1971 இடிமுழக்கத்துக்காகத்தான் நம் பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள். அதன்பின் மின்கிடாரை வைத்துவிட்டு ‘சக்தி’ தொடங்கியதை ஏதோ வழிதவறியதுபோலப் பேசுகிறார்கள். நான் நேர் எதிர்க்கட்சி. அந்த மனிதர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் எஸ். ராமநாதனிடம் உட்கார்ந்து வீணை கற்றவர். எல். சங்கர் வயலின், விக்கு விநாயக்ராம் கடம், ஜாகிர் உசேன் தபலா. 1976இல் வந்த முதல் இசைத்தட்டு இன்றைக்கும் என் மேசையில் இருக்கிறது.

அந்த கிடாரைப் பாருங்கள். மெட்டுகளுக்கு நடுவே கட்டையைக் குழியாகச் சுரண்டியிருப்பார்கள். ஏன்? தோடி காந்தாரத்தை அசைக்காமல் வாசித்தால் அது தோடி இல்லை. வீணையில் மெட்டு மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியை இழுக்க இடம் உண்டு. சாதாரண கிடாரில் விரல் கட்டையில் போய் முட்டும். ஒரு முழு ஸ்வரம் ஏற்ற அதிர்வெண் 12 சதவீதம் கூடவேண்டும், அதற்கு இழுவிசை 26 சதவீதம் கூடவேண்டும். (பதினோராம் வகுப்பில் நடத்தினேன், யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.) ஆக, ஃப்யூஷன் என்று மேடையில் தபலாவையும் டிரம்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டுவதல்ல அது. நம் கமகத்துக்காக ஒருவர் தன் வாத்தியத்தின் உடம்பையே மாற்றிக்கொண்டார்.

“கிடார் நம்ம வாத்தியம் இல்லை” என்று சொல்கிற எதிர் அணிக்கும் ஒரு வார்த்தை. வயலின் எந்த அம்மன் கோயிலில் பிறந்தது? ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு படித்த பிரசன்னா, அந்தக் கிடாரிலேயே முழுக் கச்சேரி செய்கிறார். ஹென்ட்ரிக்ஸுக்கு அவர் செய்த மரியாதையான ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ 2006இல் வந்தது. பட்டியல் போட்ட தம்பி அதைக் கேட்டதே இல்லையாம்.

சரி, அதையும் விடுங்கள். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ கிடாரை முணுமுணுக்காத ஒருவன் இந்தக் குழுவில் உண்டா? வாசித்தவர் சந்திரசேகர். எத்தனை பேருக்குத் தெரியும்? ராஜா பாடல்களில் ஆண்டுக்கணக்காக வாசித்த சதானந்தம்? பேஸ் கிடார் சசிதரன்? அன்றைய கேசட் உறையில் பாடியவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும், வாசித்தவர் பெயருக்கு மட்டும் இடம் இருக்காது. ரஹ்மான் கேசட்டுகளில்தான் அந்தப் பெயர்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஜெஃப் பெக் எந்த வருஷம் பிக்கைத் தூக்கிப்போட்டு விரலால் மீட்டினார் என்று தெரிந்த பிள்ளைக்கு, தன் தாலாட்டுக்குப் பக்கத்தில் ஒலித்த கை யாருடையது என்று தெரியாது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இதில் ஊர்க்கதையும் இருக்கிறது. என் மாணவன் ஒருவன் மெல்லிசைக் குழுவில் கிடார். பாடகர், கோரஸ், கீபோர்டு எல்லாருக்கும் பின்னால், விளக்கு படாத இடத்தில் நிற்பான். ‘இளைய நிலா’ தொடங்கும்போது மட்டும் கூட்டம் தலையைத் தூக்கி அவனைத் தேடும். கொடை சீசனில் ராத்திரி தூக்கமே இருக்காது அவனுக்கு. இப்போது செல்போன் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறான்.

“எல்லா வாத்தியமும் பென் டிரைவுக்குள்ளயே இருக்கு சார். ரெண்டு பாடகரைக் கூப்பிட்டா போதும்ங்காங்க. நான் எதுக்கு?” என்றான். தந்தி எல்லாம் துருப்பிடித்துவிட்டதாம், சாரல் ஈரத்தில். மாற்றவில்லையா என்றேன். சிரித்தான்.

மிச்சம் பிடிக்கிறார்கள் என்று கமிட்டிக்காரர்கள் சொல்லலாம். வாணவேடிக்கைக்கு மட்டும் மிச்சம் பிடிக்கக் காணோமே?

பட்டியல் போட்ட தம்பிகளா, உங்களில் ஏழெட்டுப் பேர் சென்னையிலும் துபாயிலும் இருந்து கொடைக்கு ஆயிரக்கணக்கில் அனுப்புகிறீர்கள். இந்த ஆடிக்கு வரி கேட்டு வந்தவர்களிடம் நான் சொல்லிவிட்டேன்: மேடையில் ஆள் நின்று கிடார் வாசித்தால் ஐயாயிரம், ட்ராக் போட்டால் நூற்றியொன்று. ரசீதில் அப்படியே எழுதச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.

அவனுக்கு ஒரு செட் தந்தி வாங்கிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் ஆளுக்கொரு போன் கமிட்டிக்குப் போடுங்கள். பட்டியலை அப்புறம் பேசலாம்.