முறைப்பெயர் மறந்த திருநாள்

தீபாவளி, பொங்கல், பிறந்தநாள், புதுமனை புகுவிழா என மலேசியத் தமிழர் இல்லங்களில் இன்று கொண்டாட்டங்களுக்குக் குறைவில்லை. ஆடைக்கும் அணிக்கும், விருந்துக்கும் விளக்குக்கும் பெற்றோர் மனமுவந்து செலவிடுகின்றனர். "எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்" என்று அவர்கள் கூறுவதும் உண்மையே. எனினும், அக்கொண்டாட்டங்களிலிருந்து பிள்ளைகள் எதைப் பெற்றுச் செல்கின்றனர் என்று கேட்பார் அரியர். புத்தாடை கிடைக்கிறது, பொம்மை கிடைக்கிறது, பணமும் கிடைக்கிறது. உறவு கிடைப்பதில்லை. அவ்வுறவைச் சுட்டும் தமிழ்ச் சொல்லும் கிடைப்பதில்லை.

நகர்ப்புறத்து இல்லம் ஒன்றில் தீபாவளியையொட்டி நடைபெறும் திறந்த இல்ல உபசரிப்பை எண்ணிப் பார்க்கலாம். நான்கு வயதுக் குழந்தை பெற்றோருடன் உள்ளே நுழைகிறது. வாயிலில் நின்று வரவேற்பவர் தாயின் உடன்பிறந்த அண்ணன். "அங்கிளுக்கு விஷ் பண்ணு" என்கிறார் தாய். குழந்தையும் அவ்வாறே செய்கிறது. விருந்துக்கு வந்திருக்கும் தந்தையின் தம்பியும் அங்கிள். வீட்டுக்காரரின் அலுவலக நண்பரும் அங்கிள். அன்று காலையில் தேநீரைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த கடைக்காரரும் அங்கிளே. சீனர் வழக்கிலிருந்து தமிழரிடம் வந்து சேர்ந்த அங்பாவ் உறைகள் கைமாறுகின்றன. பின்னர், பெரியவர்கள் இடையூறின்றி உரையாட வேண்டும் என்பதற்காகக் குழந்தையின் கையில் திறன்பேசி கொடுக்கப்படுகிறது. வீடு திரும்பும் வழியில் குழந்தை உறைகளைப் பிரித்து எண்ணுகிறது. எத்தனை ரிங்கிட் சேர்ந்தது என்பதை அது சரியாகச் சொல்லும். கொடுத்தவர் தனக்கு யார் என்பதை அதனால் சொல்ல இயலாது.

இதனைச் சிறு குறை என்று ஒதுக்குவோர் உளர். "எப்படி அழைத்தால் என்ன? அன்பு இருந்தால் போதாதா?" என்பது அவர்தம் வாதம். அன்பு வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால், முறைப்பெயர் என்பது வெறும் ஒலியன்று. அது ஒரு கடமையின் பெயர். பெரியப்பா, சித்தப்பா என்னும் இரு சொற்களுக்குள்ளும் 'அப்பா' இருக்கிறார். தந்தை இல்லாத இடத்தில் தந்தையாய் நிற்க வேண்டியவர் அவர் என்று அச்சொல்லே பணிக்கிறது. பெரியம்மா, சின்னம்மா என்னும் சொற்களுக்குள் தாய் இருக்கிறாள். ஆகவேதான் அவர்தம் மக்கள் குழந்தைக்கு அண்ணனாகவும் அக்காளாகவும் தம்பியாகவும் தங்கையாகவும் அமைகின்றனர். மாமன் மக்களும் அத்தை மக்களும் வேறு முறையினர். இந்நுட்பம் முழுவதையும் 'கசின்' என்னும் ஒரு சொல் துடைத்தெறிந்துவிடுகிறது. ஆங்கிலேயர்க்கு அச்சொற்கள் பொருந்தும். அவர்தம் குடும்ப அமைப்பு அத்தகையது. தமிழ்க் குடும்பம் வேறு வகையில் கட்டப்பட்டது.

முடியிறக்கும்போதும் காது குத்தும்போதும் குழந்தையைத் தாய்மாமன் மடியில் இருத்தும் வழக்கம் இந்நாட்டுத் தமிழரிடையே இன்றும் மறையவில்லை. ஏன் அம்மடி? ஏன் வேறொருவர் மடியன்று? மாமன் என்னும் சொல்லைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இவ்வினாவின் விடை நாளடைவில் தானே விளங்கும். ஊரார் அனைவரையும் போல அவரையும் அங்கிள் என்றே அறிந்த குழந்தைக்கு அது வெறும் சடங்கு; ஒளிப்படத்துக்குரிய ஒரு காட்சி.

தொல்காப்பியர் பெயர்ச்சொற்களை வகுத்தபோது முறைப்பெயரைத் தனி வகையாக வைத்தார். அதனை விளிக்கும் முறைக்கு விளிமரபில் விதியும் கூறினார். பழந்தமிழில் என் தந்தை 'எந்தை'. உன் தந்தை 'நுந்தை'. அவன் தந்தை 'தந்தை'. அவ்வாறே என் தாய் 'யாய்'. உன் தாய் 'ஞாய்'. அவன் தாய் 'தாய்'. யாருக்கு உறவு என்பதையும் சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்த மொழி தமிழ். இவற்றை உயர்வகுப்பில் இலக்கணமாகக் கற்பிக்கும் ஆசிரியருள்ளும் சிலர், தம் இல்லத்து விருந்தில் தம் குழந்தையிடம் "ஆண்டிக்கு ஹாய் சொல்லு" என்கின்றனரே! இலக்கணம் கரும்பலகையில் வாழ்கிறது, இல்லத்தில் மடிகிறது.

"பள்ளிக்குச் சென்றால் ஆசிரியர் கற்பித்துவிடுவார்" என்பது மற்றொரு சாரார் கூறும் அமைதி. ஆசிரியர் கற்பிப்பார், ஐயமில்லை. தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என்று படம் காட்டிச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகளும் எழுதிக் காட்டுவர். ஆனால், இளம் வயதில் குழந்தை சொல்லைப் படத்திலிருந்து மட்டும் கற்பதில்லை, மனிதரிடமிருந்தும் கற்கிறது. பாட்டி என்னும் சொல்லோடு வெற்றிலையின் மணமும் சேலைத் தலைப்பும் வந்து சேர்கின்றன. சித்தப்பா என்னும் சொல்லோடு தோளில் ஏறிய நினைவு வந்து சேர்கிறது. முகத்தோடு வந்த சொல் நெஞ்சில் நிற்கும். முகமின்றி வந்த சொல் தேர்வுக்குப் பயன்படும், தேர்வோடு ஒழியும். ஏழு வயதில் முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் பிள்ளைக்குத் தன் உறவினரின் முறையே தெரியவில்லை என்றால், ஆசிரியர் எந்த நிலத்தில் விதைப்பார்?

முறை வைத்து அழைப்பது பழமைப்போக்கு என்றும், அது சாதியுணர்வை வளர்க்கும் என்றும் கூறுவோரும் இருக்கின்றனர். இந்நாட்டுத் தமிழர் வரலாறு அவர்களுக்கு விடை கூறும். இரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்தன. சாதி வேற்றுமை அங்கே அறவே ஒழிந்துவிட்டது என்று கூற இயலாது. ஆயினும், இரத்த உறவே இல்லாதவரையும் அண்ணன் என்றும் அக்காள் என்றும், மாமா என்றும் அத்தை என்றும் லயத்து மக்கள் அழைத்தனர். பெற்றோர் வைகறையில் பால்மரம் வெட்டச் சென்றபின், அடுத்த வீட்டு ஆயா குழந்தைக்குக் கஞ்சி ஊட்டினார். சொல் உறவை உண்டாக்கியது. உறவு சோறு போட்டது. அங்கிள் என்னும் சொல்லும் எல்லாரையும் தழுவுவது போலவே தோன்றும். ஆனால், அது உறவினரையும் அயலாராக்குகிறது. லயத்து வழக்கோ அயலாரையும் உறவினராக்கியது. எது முற்போக்கு என்பதைக் கற்றோர் எண்ணிப் பார்க்கட்டும்.

லயங்கள் இன்று பெரும்பாலும் கலைந்துவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போக, மக்கள் நகரங்களின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். பெரியப்பா ஒரு மாநிலத்தில், அத்தை மற்றொரு மாநிலத்தில், மாமன் கடல் கடந்து சிங்கப்பூரில் என்று குடும்பங்கள் சிதறின. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகளே வளர்கின்றனர். முன்பு ஆண்டு முழுவதும் லயத்து வாசலே கற்பித்த பாடத்தை, இன்று ஆண்டில் நான்கைந்து கொண்டாட்ட நாள்களே கற்பிக்க வேண்டியிருக்கிறது. அந்நாள்களையும் திறன்பேசிக்கும் ஒளிப்படக் கருவிக்கும் கொடுத்துவிட்டால், அப்பாடத்துக்கு வேறு நாளில்லை.

பிறந்தநாள் விழாக்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பிறந்தநாளே மேலைநாட்டு வழக்கம். அதனை ஒழித்துவிட வேண்டும் என்று முழங்குவோர் கருத்து ஏற்புடையதன்று. மன்னன் தன் சினத்தை நீக்கிப் பிறந்தநாளைப் போற்றும் பெருமங்கலத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியல் பாடாண் துறைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. ஆகவே, பிறந்தநாளைப் போற்றுவது தமிழர்க்குப் புதிதன்று. பகை மறந்து அருள் செய்யும் நாளாக அது கருதப்பட்டது. மெழுகுவர்த்தியை ஊதுவதா, குத்துவிளக்கை ஏற்றுவதா என்னும் வாதமும் மேடைக்கு உதவுமேயன்றிக் குழந்தைக்கு உதவாது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவ்விழா யாருக்காக நடைபெறுகிறது? இரவு எட்டு மணிக்குத் தூங்கிப் பழகிய மூன்று வயதுக் குழந்தை, வாடகை மண்டபத்தில் ஒன்பது மணி வரையில் விழித்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் முக்கிய விருந்தினர் வந்து சேர்வர். ஒலிபெருக்கி அலறுகிறது. பலூன் வெடித்ததும் குழந்தை அஞ்சி அழுகிறது. அழுதால் படம் கெட்டுவிடும் என்று அதட்டப்படுகிறது. அணிச்சல் வெட்டும் கத்தியைக் குழந்தையின் கையோடு சேர்த்துப் பிடித்திருப்பவர் பெரியவர். பார்வையோ ஒளிப்படக்காரர்மேல் இருக்கிறது. அன்றிரவே காணொலி புலனக் குழுக்களில் வலம் வருகிறது. கடன்பட்டேனும் இவ்வளவும் செய்தாக வேண்டும் என்று எளிய குடும்பங்களும் முனைகின்றன. குழந்தையின் பெயரால் பெரியவர்கள் தங்களுக்கே எடுத்துக்கொள்ளும் விழா இது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையை எவ்வாறு கண்டனர்? தலை நிமிர்த்தி அசைவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வாரானை. மணல்வீடு கட்டுவோர் நடுவே புகுந்து அதனைச் சிதைக்கும் குறும்பு சிற்றில். குழந்தையின் செயல்கள் பலவற்றைப் பருவங்களாக வகுத்துப் பாடினர். குழந்தைக்கு என்ன வாங்கிக் கொடுத்தனர் என்பதை எந்தப் பருவத்துக்கும் பெயராக வைக்கவில்லை. கொண்டாட்டத்தின் நடுவில் குழந்தையின் செயலை வைத்தவர் வழியில் வந்தோர், இன்று குழந்தையையே காட்சிப்பொருளாக வைத்துவிட்டனர்.

அண்டை அயலாரைப் பார்த்தேனும் தமிழர் கற்றுக்கொள்ளலாம். சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவில் குடும்பத்தினர் ஒன்றுகூடி உண்ணும்போது, பெரியோரை உரிய முறைப்பெயரால் அழைத்த பின்னரே இளையோர் உண்ணும் வழக்கம் பல சீனக் குடும்பங்களில் இன்றும் உண்டு. தந்தை வழியையும் தாய் வழியையும் மூத்தவரையும் இளையவரையும் பிரித்துக் காட்டும் சொற்கள் தமிழைப் போலவே சீனத்திலும் நிரம்ப உள்ளன. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் நெடுஞ்சாலை நெரிசலையும் பொருட்படுத்தாது கம்பத்துக்குத் திரும்புகின்றனர். பிள்ளைகள் பெரியோரின் கைபற்றி மன்னிப்பு வேண்டுகின்றனர். தமிழர் அவர்களிடமிருந்து அங்பாவ் உறையை மட்டும் எடுத்துக்கொண்டனர். உறையை வாங்குமுன் சொல்ல வேண்டிய சொல்லை விட்டுவிட்டனர்.

பள்ளிகளும் இக்குற்றச்சாட்டுக்கு விலக்கல்ல. 1935ஆம் ஆண்டில் தமிழ் முரசைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி, 1952ஆம் ஆண்டில் தமிழர் திருநாளுக்கு வித்திட்டபோது, சமயம் கடந்து தமிழர் அனைவரையும் ஒன்றிணைக்கும் பண்பாட்டு விழாவாகவே அதனைக் கருதினார். இன்று சில பள்ளிகளின் பொங்கல் விழாவில் பிரமுகருக்கு மாலை, பிரமுகரின் உரை, நன்கொடையாளருக்குப் பொன்னாடை. பாலர் பள்ளிப் பிள்ளைகளோ வெயிலில் வரிசையாக அமர்ந்து கை தட்டுகின்றனர். பானையை அணுகவும் அவர்களுக்கு இடமில்லை. பொங்கி வழிவதை எட்டிப் பார்க்கவும் இயலாத பிள்ளை, "பொங்கலோ பொங்கல்" என்று எதைக் கண்டு கூவும்?

செய்ய வேண்டியவை பெரியவையல்ல. பணச் செலவுள்ளவையும் அல்ல. உறவினர் இல்லத்துக்குப் புறப்படுமுன், யார் வீட்டுக்குச் செல்கிறோம், அவர் என்ன முறை, அவரை எவ்வாறு அழைக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் வழியிலேயே குழந்தைக்குச் சொல்லலாம். வந்தவரை முறை சொல்லி அழைக்கக் குழந்தை தயங்கினால், அதட்டாமல் பெற்றோரே முதலில் அழைத்துக் காட்டலாம். அம்மாச்சி என்பது ஒரு குடும்பத்தின் வழக்கு; அப்பாயி என்பது மற்றொரு குடும்பத்தின் வழக்கு; யாழ்ப்பாண மரபினர்க்கு அம்மம்மா, அப்பம்மா. எதுவாயினும் அவரவர் வீட்டுச் சொல்லே குழந்தைக்கு உரிய சொல். விளக்குக்குத் திரி எடுத்து வைத்தல், கோலத்துக்குப் புள்ளியிடுதல், அடுத்த வீட்டு மலாய், சீனக் குடும்பங்களுக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தல் ஆகியவற்றில் ஒன்றையேனும் குழந்தையின் கையில் ஒப்படைக்கலாம். பிறந்தநாளைப் பகலில், சிறு அளவில், குழந்தை அறிந்த முகங்களோடு கொண்டாடலாம். அன்று வாங்குவது மட்டுமன்றித் தன் கையால் கொடுக்கவும் பழக்கலாம். பள்ளி விழாவில் பானையைச் சுற்றிப் பிள்ளைகளை நிறுத்திவிட்டுப் பிரமுகரைப் பின்வரிசையில் அமர்த்தலாம். உண்மையான பிரமுகர் அதற்காக வருந்தமாட்டார்.

1816ஆம் ஆண்டில் பினாங்கில் முதல் தமிழ் வகுப்பு தொடங்கிய நாள்முதல், இந்நாட்டில் தமிழ்க்கல்வி இரு நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அப்பள்ளிகளைக் காக்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்குவோர், தம் வீட்டுக் கூடத்தில் 'மாமா' என்னும் ஒரு சொல்லைக் காக்கத் தவறினால் அம்முழக்கத்தால் பயனில்லை. வீட்டில் அழைக்கப்படாத மொழி பள்ளியில் படிக்கப்படலாம், பேசப்படமாட்டாது. பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது பெற்றோர் கடமை என்றால், சொல்லோடு அனுப்புவதும் அவர்தம் கடமையே. வரும் திருநாளில் புத்தாடை ஒன்று குறைந்தாலும் குழந்தை அதனை மறந்துவிடும். சித்தப்பா என்று அழைத்து அவர் தோளில் ஏறிய நாளை அது மறக்காது.