பாவம் ஓரிடம், பழி பேட்டரிக்கு

தில்லி நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் கடைகளுக்கு ஏறி இறங்குபவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. கையில் ஆறேழு வயதான லேப்டாப், முகத்தில் கவலை. இரவெல்லாம் பிளக்கில் போட்டும் பாதிகூட ஏறவில்லை என்பது புகார். "பேட்டரி போச்சு" என்று தீர்ப்பு உடனே வந்துவிடும். சில ஆயிரம் ரூபாய் கைமாறும். புது பேட்டரியும் அதே ஆமை வேகத்தில் ஏறும்போதுதான் உறைக்கும்.

தேய்ந்த பேட்டரியின் அடையாளம் பெரும்பாலும் வேறு: சட்டென்று நிறையும், சட்டென்று தீரும். நிறையவே மறுக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அடாப்டரை. அதன் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்க வேண்டும், 65 வாட். லேப்டாப் இயங்கவே 25 வாட் எடுத்துக்கொண்டால் பேட்டரிக்கு 40 மிஞ்சும். பழைய அடாப்டர் தொலைந்து, யாரோ கொடுத்த 45 வாட் அடாப்டரைச் சொருகினால் மிச்சம் 20தான். டைப்-சி வாய் இருக்கிறதே என்று 30 வாட் போன் சார்ஜரைச் சொருகினால் மிச்சம் ஐந்து. பேட்டரி என்ன செய்யும், பாவம்!

டைப்-சியில் கேபிளும் கணக்கில் சேரும். சாதாரண கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் அனுமதிக்காது. 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சில்லு பொதித்த 5 ஆம்பியர் கேபிள் தேவை. உருண்டை முனை அடாப்டர்களில் வேறு வில்லங்கம். சிலவற்றின் நடுவே மெல்லிய ஊசி இருக்கும். "நான் இத்தனை வாட்" என்று லேப்டாப்பிடம் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ ஒடிந்தாலோ, அடாப்டரை நம்பாத லேப்டாப் இயங்குமே தவிர பேட்டரிக்குச் சரியாகக் கொடுக்காது.

வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. லேப்டாப்பை முழுமையாக அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் சார்ஜ் செய்ய வேண்டும். இப்போது மளமளவென ஏறினால் பேட்டரி ஓரளவு நலம். வாட்தான் பற்றவில்லை, அல்லது பின்னணியில் ஏதோ மென்பொருள் மின்சாரத்தைத் தின்கிறது. வீட்டில் லோ வோல்டேஜ் என்று மின்வாரியத்தைத் திட்டுவதில் அர்த்தமில்லை. பெரும்பாலான அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை.

80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைவது கோளாறே அல்ல. லித்தியம்-அயான் பேட்டரியின் சுபாவம் அது. 60 அல்லது 80லேயே நின்றுவிட்டால் பேட்டரியைக் காக்கும் அமைப்பை யாரோ இயக்கி வைத்திருக்கக்கூடும். சூடும் ஒரு காரணம்: மெத்தை மேல் வைத்து, விசிறியில் தூசி அடைத்துக் கிடந்தால் லேப்டாப் தானே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு பேட்டரியைச் சந்தேகிக்கலாம். விண்டோஸே ஒரு பேட்டரி அறிக்கை தருகிறது. தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பும் கொள்ளளவு இரண்டும் அதில் இருக்கும். 45,000 மில்லிவாட்-மணி 20,000க்கு இறங்கியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஒன்றில் மட்டும் சோதனைக்கு இடமில்லை. டச்பேட் மேலெழும்பினாலோ அடிப்பலகை புடைத்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். உடனே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

மற்றபடி, அடாப்டர் வாங்கும்போது வோல்ட் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் லேபிளில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. நடைபாதைச் சரக்கில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.