மத்தூருக்கும் கடல் உண்டு

நெய்தல் நிலத்தின் கருப்பொருள் யாவை என்று வினவினால் நம் மாணவர்கள் தயங்குவதில்லை. சுறா, கடற்காகம், புன்னை, உப்பு விற்றல், மீன் பிடித்தல் என்று வரிசை பிறழாமல் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவர். அவ்வாறு எழுதிய ஒரு வகுப்பில், கடலை நேரில் கண்டவர் கை உயர்த்துக என்றேன். பாதிக்கும் குறைவான கைகளே எழுந்தன. அவற்றுள்ளும் பல, சென்னைக் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது சுண்டல் தின்று திரும்பிய கைகள்.

அவ்வகுப்பில் எழாத கைகளுள் ஒன்று விலங்கியல் பயிலும் மாணவி ஒருவருடையது. சின்னாட்களில் அவர் ஒரு கடிதத்துடன் என்னிடம் வந்தார். அயல்நாட்டுக் கடல் ஆய்வு நிலையம் ஒன்று கோடை விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர்க்கு நடத்தும் களப்பயிற்சியில் சேர அவருக்கு விருப்பம். கட்டணம், விமானச் செலவு, விசா எல்லாம் சேர்ந்து சில லட்சங்கள். தந்தையோ ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்ப்பவர். சமுதாயப் பெரியவர்களிடம் உதவி வேண்டித் தாம் எழுதிய விண்ணப்பத்தைப் பிழை திருத்தித் தருமாறு கேட்டார். திருத்திக் கொடுத்தேன். பணம் திரளவில்லை, கடைசி நாள் கடந்தது, அவர் போகவில்லை. அப்பெண்ணின் ஆசை தவறன்று. ஆனால் அவ்வாசை நிறைவேற அயல்நாடு ஒன்றே வழி என்று அவரை எண்ணவைத்த நம் நிலையைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

கடற்கரைக்குச் சென்று பாடம் நடத்தும் வழக்கம் எங்ஙனம் பிறந்தது? 1873-ஆம் ஆண்டுக் கோடையில் லூயி அகாசி என்னும் அறிஞர், அமெரிக்காவின் பெனிகீஸ் என்னும் சிறு தீவில் ஆசிரியர்களை, ஆடவரும் பெண்டிருமாக, ஒன்றுகூட்டினார். ஏட்டை மூடிவைத்து உயிருள்ள கடற்பிராணிகளைக் காட்டிக் கற்பித்தார். அவ்வழியில் 1888-இல் எழுந்த உட்ஸ் ஹோல் நிலையம் இன்றும் கோடைதோறும் மாணவரை ஈர்க்கிறது. அங்கு மாணவர் பெறுவது யாது? விடியற்காலையில் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குவதும், கண்டதை அன்றே குறித்துவைப்பதும், ஆசிரியருடன் ஒரே சேற்றில் நிற்பதுமே. இவற்றுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை.

நம் ஆய்வுக்கூடங்களில் பலனோகிளாசஸ் என்னும் உயிரி பார்மலின் புட்டியில் வெளிறிக் கிடக்கிறது. முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட உறவைக் காட்டுவதாகப் பாடநூல் அதற்குத் தனி இடம் தருகிறது. மாணவர் அதன் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கின்றனர். அதே உயிரி பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் மணலில் வளை தோண்டி வாழ்கிறது. விழுங்கிய மணலைச் சுருள் சுருளாகக் கரையில் விட்டுச் செல்கிறது. உயிருடன் கையில் எடுத்தால் மருத்துவமனையின் அயோடோஃபாம் நெடி வீசும். புட்டிக்குள் அந்நெடி ஏது? 1927-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு அருங்காட்சியகம் இத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடு கொணர்ந்தது. நூற்றாண்டை நெருங்கிய பின்னும் நம் மாணவர்க்கு அது எட்டாத் தீவாகவே இருக்கிறது.

குருசடை உள்ளிட்ட 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அருகிலுள்ள மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமே 1949 முதல் 1971 வரை இயங்கியது. இன்றும் அங்கு அதன் கிளை உண்டு. மண்டபத்தின் நில அமைப்பே ஒரு பாடம். குறுகிய நிலத்துண்டின் வடபுறம் பாக் விரிகுடா, தென்புறம் மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று வீசும் திங்களில் தென்கடல் கொந்தளிக்க வடகடல் அமைதியாகும்; வாடைக்காலத்தில் நிலை மாறும். மீனவர் பருவம் பார்த்துப் படகையும் வலையையும் அக்கரைக்கும் இக்கரைக்கும் மாற்றுவர். கோடையில் கடல்நீர் மிகுந்து சூடேறினால் பவளங்கள் வெளிறுகின்றன. 2010-லும் 2016-லும் இங்கே அது பெருமளவில் நிகழ்ந்தது. நம் விடுமுறைக் காலமே அதைக் காணும் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், கேட்பவர்க்குப் பதில் சொல்லும் ஓய்வு மீனவர்க்கும் அப்போது உண்டு.

இராமேசுவரம் தொலைவு என்பாரும் உளர். அவர்க்குப் பரங்கிப்பேட்டை உண்டு. வெள்ளாறு கடலோடு கலக்கும் அவ்வூரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது; பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா வித்திட்டது. சற்றுத் தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. பரங்கிப்பேட்டையும் கீழக்கரையும் காயல்பட்டினமும் நம் சமுதாயத்தார் மரக்கலம் செலுத்திய பட்டினங்கள். கீழக்கரையில் சங்கு குளித்தவருள் நம்மவர் பலர். காற்றின் பெயரும் நீவாட்டின் திசையும் பாரின் இடமும் அவர்கள் நாவில் இருந்த கல்வி. அதை ஏட்டில் பதிக்கும் பணி, விலங்கியல் துறையைவிடத் தமிழ்த்துறைக்கே உரியது என்பேன். ஆகவே எம் மாணவரையும் அப்பேருந்தில் ஏற்றுக!

மலையும் மாந்தோப்பும் கருங்கல் குவாரியும் சூழ்ந்த நமக்குக் கடலோடு என்ன உறவு என்று கேட்கலாம். நந்தி மலைப்பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் கடந்து கடலூரருகே கடலில் விழுகிறது. ஓசூர்க் கெலவரப்பள்ளி அணையில் அண்மை ஆண்டுகளில் பொங்கிய வெண்ணுரையைக் கண்டிருப்பீர்கள். மேலே நகரங்களும் ஆலைகளும் ஆற்றில் விடுவதை இறுதியில் ஏற்பது கடலூர்க் கடல். நம் மாணவருள் பலர் நாளை அவ்வாலைகளில் வேலைக்குச் செல்பவர்கள். கழிவுநீர் சென்று சேரும் இடத்தை அவர்கள் ஒருமுறையேனும் காணவேண்டாமா?

செலவுக்கு ஒரு பழைய வழி உண்டு. ஆன்டன் டோர்ன் என்பார் 1872-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கடல் ஆய்வு நிலையம் நிறுவியபோது, ஆய்வு மேசைகளை ஆண்டு வாடகைக்கு விட்டார். கடலில்லா ஊர்ப் பல்கலைக்கழகமும் ஒரு மேசையை எடுத்துத் தன் ஆய்வாளரை அங்கு அனுப்பலாம். பெண்களுக்கு ஆய்வு வாய்ப்பு அரிதாயிருந்த அந்நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்கப் பெண்மணிகள் சங்கம் அமைத்துப் பெண்களுக்கெனவே அங்கு ஒரு மேசையை வாங்கினர். நம் மாவட்டக் கல்லூரிகள் நான்கைந்து கூடி, பரங்கிப்பேட்டையிலோ மண்டபத்திலோ ஆண்டுதோறும் மே மாதத்தில் இரு வாரத்துக்கு இருபது இடம் கேட்டால் என்ன? ஒருவரை அயல்நாடு அனுப்பும் தொகையில் ஒரு வகுப்பே போய்வரலாம். அதன்பின் அயல்நாடு செல்பவர், கண்டறிந்த கடலோடு செல்வார்.

பெண்பிள்ளைகளை வெளியூரில் தங்கவிடுவதா என்னும் தயக்கத்தை நான் எள்ளி நகையாடேன். எனக்கும் மகள் உண்டு. பேராசிரியைகள் இருவர் உடன் செல்லட்டும்; விரும்பும் தாயார் ஒருவரும் வரட்டும். நீச்சல் அறியாதோர் நம்மிடையே மிகுதி என்பதால், மிதவைச் சட்டையின்றி ஒருவரும் படகேறலாகாது.

தேசியப் பூங்காத் தீவுகளுக்கு வனத்துறையின் முன் அனுமதி தேவை. மே மாதப் பயணத்துக்குப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் கடிதம் எழுதவேண்டும். இவ்வாண்டுக் கடிதத்தின் படி என் மேசையில் இருக்கிறது. முதல்வர் கையொப்பமும், செலவில் பாதியை ஏற்கும் பெரியவர் ஒருவரின் ஒப்புதலும் மட்டுமே அதில் குறை. அந்த மாணவி இப்போது இறுதியாண்டில் இருக்கிறார்.