கண்ணாமூச்சி ஆடும் கியர்

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ மெனுவல் கார் இருந்தால் இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பீர்கள்: "காலையில் நன்றாகத்தான் ஓடியது. சாலை நெரிசலில் மாட்டியதும் முதல் கியர் விழவே மாட்டேன் என்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது!"

இப்படி விட்டுவிட்டு வரும் பழுதுக்குப் பலர் பார்க்கும் வைத்தியம், ஊகத்தின் பேரில் பாகங்களை மாற்றுவது. முதலில் கியர் எண்ணெய், அடுத்து கிளட்ச் தட்டு, அதுவும் பலிக்காவிட்டால் கியர்பெட்டி. கிளட்ச் தட்டை மாற்ற வேண்டுமானால் கியர்பெட்டியைக் கழற்றி இறக்க வேண்டும். கூலியே கணிசமாக வரும். பழுது ஒரு சிறிய ரப்பர் வளையத்தில் இருந்திருந்தால், அத்தனை வெள்ளியும் வீண். அறிவியல் வகுப்பில் கற்ற முறையை வீட்டுக் காருக்கும் பயன்படுத்தினால் இந்த வீண்செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்பது என் கருத்து.

கிளட்சின் வேலை என்ன? சுழலும் இயந்திரத்தைக் கியர்பெட்டியிலிருந்து சிறிது நேரம் பிரித்து வைப்பது. கஞ்சில் போன்ற சிறிய கார்களில் மிதிகட்டையின் அசைவை ஒரு கேபிள் கொண்டுசெல்கிறது. வேறு பல கார்களில் அந்த வேலையைத் திரவம் செய்கிறது. மிதிகட்டையை அழுத்தினால் மேல் பம்ப் திரவத்தைத் தள்ளும். கீழ் பம்ப் அந்த அழுத்தத்தைப் பெற்றுக் கிளட்சை விடுவிக்கும். நீங்கள் படிக்கும் பாஸ்கல் தத்துவம்தான் இது. திரவத்தை எளிதில் அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். ஆகவே குழாயில் காற்று புகுந்தாலோ, பம்பின் ரப்பர் வளையம் தேய்ந்து திரவம் கசிந்தாலோ, கிளட்ச் முழுமையாக விடுபடாது. கியர் கரகரக்கும், அல்லது விழாது.

இனி, சந்தேகத்தைக் கேள்விகளாக்குவோம்.

கார் நிற்கும்போது, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கியர்களை மாற்றிப் பார்த்தால் எளிதாக விழுகின்றனவா? இயந்திரம் ஓடும்போது மட்டும் அடம் பிடிக்கின்றனவா? அப்படியானால் சந்தேகம் கிளட்சின் மேல். அணைத்திருக்கும்போதும் கடினமாக இருந்தால், கியர் கம்பியையோ கியர்பெட்டியையோ பார்க்க வேண்டும்.

மிதிகட்டையை இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்ததும் கியர் விழுகிறதா? திரவத்தில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பம்பு கசியலாம்.

சிவப்பு விளக்கில் முதல் கியரில் கிளட்சை மிதித்தபடி நிற்கும்போது, கார் மெல்ல முன்னே நகரப் பார்க்கிறதா? அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது என்று பொருள்.

நேர்மாறான அறிகுறியும் உண்டு. ஐந்தாம் கியரில் எண்ணெயை அழுத்தினால் இயந்திரத்தின் சுழற்சி மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையா? அப்போது கிளட்ச் தட்டு வழுக்குகிறது.

மறக்காமல் கால்மிதியையும் பாருங்கள். தடித்த கால்மிதி நழுவிப்போய் மிதிகட்டையின் அடியில் சேர்ந்தால், கிளட்சை முழுதாக மிதிக்க முடியாது. இழுத்துச் சரிசெய்தால் போதும், செலவே இல்லை!

விட்டுவிட்டு வரும் பழுது தற்செயலானது அல்ல. நாம் கவனிக்காத ஏதோ ஒரு மாறி மாறியிருக்கிறது: வெப்பநிலை, ஓடிய நேரம், மிதிகட்டையை எத்தனை முறை மிதித்தோம் என்பது. பட்டறையில் பழுது தோன்றாவிட்டால் பழுதே இல்லை என்று ஆகிவிடாது. அது தோன்றுவதற்கான நிலை அங்கே இல்லை, அவ்வளவுதான்.

"அனுபவமுள்ள மெக்கானிக்குக் காதால் கேட்டாலே தெரியும்" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பல ஆண்டு உற்றறிதலின் சேமிப்பே அவருடைய அனுபவம். ஆனால் உங்கள் காரோடு தினமும் பயணம் செய்வது நீங்கள்தான். அவர் பார்ப்பது அரை மணி நேரம். "எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் கவலை விட்டது" என்பாரும் உண்டு. மூன்று பாகங்களை ஒன்றாக மாற்றிக் கார் சரியானால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாறியைத்தான் மாற்ற வேண்டும் என்று ஆய்வறையில் சொல்வது இதற்காகத்தான்.

பள்ளி ஆய்வுகளில் விடை பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். இந்தக் கார் அப்படி இல்லை. அதனால்தான் இதை நல்ல பயிற்சி என்கிறேன்.

உங்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. காரை இயக்கிப் பார்ப்பது பெரியவர்களின் வேலை. ஓடும் இயந்திரத்தில் கை வைக்காதீர்கள். பக்கத்து இருக்கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். தேதி, நேரம், எத்தனை நிமிடம் ஓடியது, எந்தக் கியர், மழையா வெயிலா, மீண்டும் மிதித்ததும் சரியானதா என ஒரு வாரம் அட்டவணை போடுங்கள். பழுது வராத நாள்களையும் எழுதுங்கள். வந்த நாளோடு ஒப்பிட அவை வேண்டும்.

பிறகு அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்துப் பட்டறைக்கு அனுப்புங்கள். "எங்கேயோ பழுது" என்று சொல்வதைவிட, "இருபது நிமிடம் நெரிசலில் நின்ற பிறகுதான் வருகிறது, இருமுறை மிதித்தால் போய்விடுகிறது" என்று சொல்வது மெக்கானிக்குக்கும் உதவும், உங்கள் வீட்டுப் பணத்துக்கும் பாதுகாப்பு.